ஓடிப்போன சொற்களுக்கு விருந்து

எங்கள் ஊர் சின்னக்கரட்டில் இங்கிலீஷின் சின்னச் சொற்கள் எல்லாம் தங்கள் வினைச்சொற்களை விட்டுவிட்டு வேறு வினைச்சொற்களோடு ஓடிப்போன அந்த ஆடி மாதத்தில், அதை முதலில் பார்த்தவள் நான்தான், பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் விசைத்தறி சங்கத்துச் செயலாளர் காலையிலிருந்து என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார், நான் அவருக்கு அடித்து முடித்திருந்த லெட்டரில் 'டிபெண்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இத்தனை காலம் குடியிருந்த 'ஆன்' மெதுவாக எழுந்து, வரியின் ஓரமாகவே நடந்து, கீழே இறங்கி, 'லிசன்' என்ற சொல்லின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டது. 'லிசன்' கூட இருந்த 'டு' அதற்கு முன்பே கிளம்பிப் போய் 'கன்சிஸ்ட்' வீட்டில் உட்கார்ந்திருந்தது. இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தேன், திரும்பவும் போயின. போனால் போகட்டும் என்று பிரின்ட் எடுத்தால், சூடு ஆறாத தாளிலும் அவை நடந்தன, இருந்த இடத்தில் படுத்து எழுந்த பாயைப் போல லேசான ஒரு அழுக்குத் தடம் மட்டும் இருந்தது. செயலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, சரி, அதுக பிரச்சினையை அதுக பாத்துக்கும், நீங்க சீலைக் குத்துங்க என்றார்.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் சென்னியப்பன் மாஸ்டரைத் தெரிந்திருக்க வேண்டும். என் கடைக்கு நேர் எதிரில் அவருடைய டுடோரியல், அதை ஒட்டியே வீடு. சுத்துப்பட்டில் பேங்க் பரீட்சை எழுதுகிறவர்களும், எக்ஸ்போர்ட் கம்பெனியில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மெயில் போட ஆசைப்படுகிறவர்களும் அவரிடம்தான் வருவார்கள். பேசுகிற இங்கிலீஷை அவர் மதிப்பதில்லை, எழுதுகிற இங்கிலீஷ்தான் இங்கிலீஷ் என்பார், அதிலும் எந்த வினைச்சொல்லோடு எந்தச் சின்னச் சொல் சேரும் என்பதில்தான் ஒருவனுடைய வளர்ப்பே தெரியும் என்பார். அதற்காக அவர் வருஷாவருஷம் பரீட்சைக்கு முன்னால் சொல் கல்யாணம் நடத்துவார். வினைச்சொல் ஒவ்வொன்றையும் ஒரு அட்டையிலும் சின்னச் சொல் ஒவ்வொன்றையும் இன்னொரு அட்டையிலும் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மாணவர்கள் ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டு மஞ்சள் கயிற்றால் கட்ட வேண்டும், கட்டி வகுப்புச் சுவரில் மாட்ட வேண்டும், மாட்டும்போது எல்லோரும் ஒரே குரலில் டிபெண்ட் ஆன், லிசன் டு, கன்சிஸ்ட் ஆஃப், வெயிட் ஃபார் என்று மந்திரம் போலச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தம் தறிச் சத்தத்தையும் தாண்டி என் கடைக்குள் வரும். பத்தாவது தாண்டாத எனக்கே அது பாடம்.

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்கு மட்டும் அவர் கயிறு தர மாட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும், மணியக்கா நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தர் விடாமல் அத்தனை பேரும், 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபவுட்'டைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள், ஏனென்றால் நாம் எதையாவது பற்றித்தானே விவாதிப்போம். மாஸ்டர் பிரம்பால் மேஜையில் அடிப்பார். அவன் சன்னியாசி, அவனுக்குப் பொண்டாட்டி கட்டி வைக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் சோறுதான் இறங்குதா என்பார்.

அட்டை வெட்டுவது, எழுதுவது, மஞ்சள் குழைப்பது எல்லாம் மதியழகன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பையன், மாஸ்டரிடமே படித்து அவரிடமே உதவிக்கு நின்றவன், அவர் எழுத்தைவிட அவன் எழுத்து அழகாயிருக்கும். என்ற வலது கையே அவன்தான் என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லுவார், ஆனால் அந்த வலது கை அவர் வீட்டு கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. திருத்திய பேப்பர்களை வாங்க அவன் சாயங்காலம் கேட்டுக்கு வெளியில் நிற்பான், மாஸ்டருடைய ஒரே மகள் தாரணி உள்ளேயிருந்து பேப்பர்க் கட்டை எடுத்துவந்து கம்பிக்கு மேலாகக் கொடுப்பாள். பேப்பர் கொடுக்கவும் வாங்கவும் எவ்வளவு நேரம் ஆகிவிடும். அவர்களுக்கு ஆனது. ஒருநாள் பேப்பர், ஒருநாள் மழை, ஒருநாள் அந்தப் பேப்பரில் எவனோ எழுதிய கிறுக்குத்தனத்தைச் சொல்லிச் சிரிப்பது, இப்படியே கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவர்களுக்குள் ஒட்டிக்கொண்டது. எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாமல் இருக்குமா.

அந்த மதியழகன்தான் ஒருமுறை வகுப்பில் எழுந்து, 'டிபெண்ட்'டுக்கு 'ஆன்'தான் வேணும்னு யார் சார் சொன்னது, 'இன்' வந்தா என்ன கெட்டுப்போகும் என்று கேட்டான். மாஸ்டர் கோபப்படவில்லை. சிரித்தார். எல்லா வருஷமும் சொல்வதைத்தான் அன்றைக்கும் சொன்னார்.

"ஏன்னு கேக்கப்படாது. வழக்கம்னா வழக்கம்."

வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான், முன்வரிசையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த தாரணி மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். என் கடையில் ஆரம்பித்தது அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டுடோரியல் சுவரில் கயிறுகள் அவிழ்ந்து தொங்கின, அட்டைகள் ஜோடி மாறிக் கிடந்தன. பேங்க் போர்டில், மருந்துப் பட்டையில், பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில், எக்ஸ்போர்ட் கம்பெனி பெட்டிகளில், எங்கெல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருந்ததோ அங்கெல்லாம் சின்னச் சொற்கள் இறங்கி நடந்தன, காம்பவுண்டுச் சுவர்களில் எறும்பு போல வரிசையாகப் போயின, பிடித்த வினைச்சொல்லைக் கண்டதும் வரிசையை விட்டு விலகி அதன் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டன. முதல் இரண்டு நாள் அம்மாக்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். அப்புறம் அவர்களே இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்தார்கள். குழாயடியில் வேறு பேச்சே இல்லை. 'வித்' போகாத வீடு இல்லை என்று அதைக் கரித்துக் கொட்டினார்கள். 'ஃபார்' போனபிறகு தனியாக நின்ற 'வெயிட்'டைப் பார்த்து, பாவம், இன்னும் வருமின்னு நிக்குது பாரு என்று உச்சுக்கொட்டினார்கள், ஒரு கிழவி அதற்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் மோர்கூட வைத்தாள். ஜோசியர் புது ஜோடிகளுக்குப் பொருத்தம் பார்த்து, பழையதைவிட இது தேவலை என்றார். 'அபவுட்' மட்டும் எங்கும் சுற்றவில்லை, நேராக 'டிஸ்கஸ்' வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது, அதைக் கேள்விப்பட்ட ஊருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அதற்காக அடி வாங்கியிருக்கிறார்கள், சன்னியாசிக்கும் கடைசியில் ஒரு குடும்பம் ஆச்சு என்று தறிக்காரர்கள் டீக்கடையில் மிட்டாய் கொடுத்தார்கள்.

ஊர்த் தலைவர் நாச்சிமுத்துதான் கொஞ்சம் பயந்தார். அவர் பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறவர், வெளிநாட்டுக்காரன் இந்தக் கூத்தைப் பார்த்தால் ஆர்டரைக் கேன்சல் பண்ணிவிடுவான் என்று தூக்கம் கெட்டுக் கிடந்தார். ஆனால் மாறிப்போன சொற்களோடு போன மெயிலுக்கு மறுநாளே பதில் வந்தது, போன தடவையைவிடப் பெரிய ஆர்டராக வந்தது, பதிலிலும் சொற்கள் ஜோடி மாறித்தான் இருந்தன. அதோடு தலைவருடைய ஒழுக்கக் கவலை தீர்ந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, ஓடிப்போனதுகளை என்ன செய்வது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

மாஸ்டர் அதுவரைக்கும் காய்ச்சலில் படுத்திருந்தார். மனுசன் செத்துத்தான் போவார் என்று பயந்தோம். அன்றைக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து மேடையில் ஏறினார், மைக்கைப் பிடித்தார். பிறகு, உலகம் ஒப்புக்கொண்டதுதான் இலக்கணம், நேற்றைக்குத் தப்பாக இருந்தது இன்றைக்குச் சரியாகும், அதுதான் மொழி என்றெல்லாம் நிறையச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சொன்னதை நான் இந்தக் காதால் கேட்டேன்.

"அதுக மனசொப்பிப் போயிருக்குதுங்க. மனசொப்பிப் போனதுகளைப் பிரிக்கறதுக்கு நாம யாருங்க?"

மண்டபம் கைதட்டியது. தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணியின் கை தட்டுவதற்குத் தூக்கியபடியே அப்படியே நின்றது.

அடுத்த முகூர்த்த நாளில் ஊர் விருந்து. ஓடிப்போன சொற்களின் புது ஜோடிகளை அட்டையில் எழுதி, மாலை போட்டு மண்டபச் சுவர் முழுக்க மாட்டினார்கள். ஒப்புட்டு, சேனைக்கிழங்கு வறுவல், அரிசிம்பருப்புச் சாதம், ஒரு குறையும் இல்லை. நானும்தான் தின்றேன். அத்தனை அட்டையும் எழுதி, மஞ்சள் குழைத்து, தண்ணீர் டிரம் உருட்டிக்கொண்டு வந்து வைத்த மதியழகனுக்கும் அவன் தெருக்காரர்களுக்கும் எப்போதும் போலக் கடைசிப் பந்தி, சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில். 'அபவுட்'டுக்கு முதல் பந்தியில் இலை போட்டிருந்தார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

விருந்துக்கு மறுநாள் தாரணி கடைக்கு வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இன்றைக்கே அப்பாவிடம் சொல்லப் போகிறேன் என்றாள். எந்தப் பெண்ணும் செய்யாத தப்பை அவள் செய்தாள், அப்பா மேடையில் பேசியதை நம்பிவிட்டாள். அந்தப் பேச்சு சொல்லுக்கு, கண்ணு, உனக்கில்லை, பேசாமல் இரண்டு பேரும் கிளம்பிப் போய்விடுங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை.

"அதெப்படிக்கா, அவரு அத்தன பேரு முன்னால சொன்னாரு. எழுத்துக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

அப்படித்தான் என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுக்குள்ளிருந்து அடிக்கிற சத்தம் வந்தது. மேஜையில் அடிக்கிற சத்தம் எனக்குப் பழக்கம், இது மேஜை இல்லை. அப்புறம் அவளை வெளியில் பார்க்க முடியவில்லை. அவள் செல்போன் அவர்கள் வீட்டுச் சாக்கடையில் கிடந்தது. மதியழகனை டுடோரியல் வாசலில் தலைவர் வீட்டு ஆட்கள் நிறுத்தி, இனி இந்தத் தெருவில் உன் நிழல் விழக் கூடாது என்றார்கள், மாஸ்டர் உள்ளே நின்று போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாரணியின் அம்மா ருக்குமணி வாயே திறக்காத பொம்பளை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எதையும் மறக்காதவள். சில நாள் கழித்து ஒரு காலையில் பால் சொசைட்டிக்குப் போகும்போது அவள் பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டாள். திரும்பி வந்து, மகள் இல்லாத வீட்டில், எப்போதும் போல அடுப்பைப் பற்ற வைத்தாள்.

தாரணியும் மதியழகனும் ஈரோட்டுப் பஸ்ஸில் ஏறிப் போய் அவனுடைய நண்பன் வீட்டில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மாஸ்டர் போலீசுக்குப் புகார் எழுதினார், அவருக்கு எதுவானாலும் இங்கிலீஷில்தான் எழுத வரும். காப்பி எடுக்க என்னிடம் கொண்டுவந்தார். மெஷின் கண்ணாடியில் வைத்த தாளைப் பார்த்தபடி நான் நின்றேன், அவரும் நின்றார். மகள் இன்னாரால் வீட்டிலிருந்து கடத்தப்பட்டாள் என்று அவர் எழுதியிருந்த வரியில் 'பை' எழுந்தது, 'ஃப்ரம்' எழுந்தது, ஒன்றின் பின்னால் ஒன்றாக இறங்கி, கண்ணாடி வழியாக மேஜைக்கு வந்து, கதவு இடுக்கில் வெளியே போயின. அவர் பேனாவை எடுத்துத் திரும்ப எழுதினார், திரும்பப் போயின. பிறகு என் கடை போர்டிலிருந்து ஒரு 'வித்' இறங்கி வந்து தாரணிக்கும் மதியழகனுக்கும் நடுவில் உட்கார்ந்தது. அவர் அதை அடித்தார். மருந்துக்கடையிலிருந்து இன்னொன்று வந்தது. அடிக்க அடிக்க, ஊரில் இருந்த 'வித்' எல்லாம் அந்தத் தாளுக்கு வந்துவிட்டது. அப்படியே எடுத்துக்கொண்டு போனார். எஸ்.ஐ. அதைப் படித்துவிட்டு, மாஸ்டரே, உங்க பொண்ணு அவன்கூடப் போயிருக்குன்னுதானே இதுல இருக்கு, கேஸ் எங்க இருக்கு, தமிழ்ல எழுதிட்டு வாங்க என்றாராம்.

தமிழில் அந்தத் தொல்லை இல்லை. நம் மொழியில் அந்தச் சின்னச் சொற்களுக்குத் தனிக் கால் கிடையாது, பேரோடு பேராக ஒட்டிக்கிடக்கும், வீட்டிலிருந்து என்று எழுதினால் அது வீட்டை விட்டு நகராது, மதியழகனால் என்று எழுதினால் அது அவன் கழுத்தைப் பிடித்தபடியே நிற்கும். மாஸ்டர் கோணல் மாணலாக எழுதினார், பொய்தான், ஒவ்வொரு எழுத்தும் பொய், ஒன்றுகூட அசையவில்லை. அடுத்த நாள் போலீஸ் போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் டைப் அடிக்க என்னைக் கூப்பிடுவார்கள், அதனால் நான் உள்ளே இருந்தேன். வெளியில் வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டிகள், நடுவில் தலைவர். மண்டபத்தில் கைதட்டியவர்கள்தான், ஒரு முகம் பாக்கியில்லை. தாரணியின் கன்னத்தில் பழைய அடியின் நீலம் இன்னும் இருந்தது. மதியழகன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றான், அவன் பயந்திருந்தான், பயப்பட எல்லாக் காரணமும் வெளியில் மரத்தடியில் நின்றது. எஸ்.ஐ.க்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மேஜர்தானேம்மா, யார்கூடப் போறேன்னு உன் கையால எழுதிக் குடு என்று ஒரு தாளைத் தள்ளினார்.

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தமிழில் எழுதினாள். என் சொந்த விருப்பத்தில் மதியழகனோடு போகிறேன். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

மாஸ்டர் அந்தத் தாளை எடுத்தார். பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பது போலத் தூரமாக வைத்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பேரின் பின்னால் இருந்த 'ஓடு'வை அடித்தார். அது போகவில்லை. இன்னும் அழுத்தி அடித்தார், பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு மேஜையில் குத்தியது, அந்த இரண்டு எழுத்தும் கிழிசலின் ஓரத்தில் அவன் பேரைப் பிடித்தபடியே இருந்தன. எஸ்.ஐ. தாளைப் பிடுங்கிக்கொண்டார். அப்போதுதான் தாரணி வாயைத் திறந்தாள்.

"அதுகளுக்கு மொதப் பந்தியில எலை போட்டீங்களே அப்பா. எங்களுக்கு?"

மாஸ்டர் சிவப்புப் பேனாவை மூடினார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் அழப் போகிறார் என்று நான் நினைத்தேன், அழுதிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்க்காமலே சொன்னார்.

"ஏன்னு கேக்கப்படாது. வழக்கம்."

போலீஸ் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றி ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அன்றைக்குப் பட்டப்பகலில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மதியழகனுடைய அம்மா வீட்டுக் கூரைத் தகடுகளைப் பிடுங்கிப் போட்டார்கள், விருந்தில் ஒப்புட்டு பரிமாறிய அதே கைகள்தான். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. சொற்கள் ஓடிப்போனதை ஏற்றுக்கொள்ள இந்த ஊருக்கு எவ்வளவு நாள் ஆனதோ அதைவிடக் குறைந்த நாளில் இதையும் ஏற்றுக்கொண்டது, குழாயடியில் நடந்தது நடந்துபோச்சு என்றார்கள், ஜோசியர் எல்லாம் கிரகம் என்றார், தலைவருக்கு அடுத்த ஆர்டர் வந்தது. யாரும் அந்த வீட்டுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மாஸ்டர் என் கடைக்கு வந்தார். கையில் தாரணியின் போட்டோ, போன வருஷத்துச் சொல் கல்யாணத்தில் மஞ்சள் கயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோ. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் இது ஒரு கேவலமான பழக்கம், மகள் இஷ்டப்பட்டவனோடு போய்விட்டால் உயிரோடு இருக்கிறவளுக்குக் கருமாதி செய்து ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுவார்கள். தோற்றம் என்று பிறந்த தேதியைச் சொன்னார். மறைவு என்று ஸ்டேஷனில் அவள் எழுதிக்கொடுத்த தேதியைச் சொன்னார். குரல் பிசிறவே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"உசுரோட இருக்கற புள்ளைக்கு என்ற கை இதை அடிக்காதுங்க. அவ அம்மாகிட்டக் கேட்டீங்களா, எந்தத் தேதியில செத்தாளுன்னு?"

அவர் போட்டோவை எடுத்துக்கொண்டு போனார். வேறு ஊரில் அடித்துவந்து ஒட்டினார், மண்டபச் சுவரில், பால் சொசைட்டியில், பஸ் ஸ்டாப்பில், என் கடைக்கு எதிரில். ருக்குமணி காலையில் பால் கேனோடு அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். போனாள். வேலி ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

சாயங்காலத்துக்குள் அவை வந்துவிட்டன. புது வீட்டில் சௌக்கியமாக இருந்த 'ஆன்', 'டு', 'ஃபார்', 'வித்', சன்னியாசியோடு குடித்தனம் நடத்திய 'அபவுட்' எல்லாம், பேங்க் போர்டிலிருந்தும் மருந்துப் பட்டையிலிருந்தும் பெட்ஷீட் பெட்டிகளிலிருந்தும் இறங்கி, கிளை கிளையாகச் சுவர் ஏறி, ஒவ்வொரு போஸ்டரிலும் மறைவு என்ற வரியின் மேல் போய் உட்கார்ந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, தேதி தெரியாத அளவுக்கு, கருப்பாக. வேறு எதையும் தொடவில்லை. அவள் போட்டோ இருந்தது, பேர் இருந்தது, தோற்றம் என்று அவள் பிறந்த தேதி இருந்தது. மாஸ்டர் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். போனவை காய்ந்ததும் வந்தன. இப்போதும் தினமும் தேய்க்கிறார், இப்போதும் வருகின்றன. ஊர் இதையும் பழகிக்கொண்டது, போஸ்டருக்குக் கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். மண்டபத்தில் புது ஜோடிகளின் அட்டைகள் மாலையோடு அப்படியே தொங்குகின்றன, வெளியூர்க்காரர்கள் வந்தால் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு ஆறுதலும் இல்லை. கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

போன வாரம் தாரணி புது நம்பரிலிருந்து கூப்பிட்டாள். அவனுக்கு ஒரு குடோனில் வேலை கிடைத்திருக்கிறது, மாமியாரையும் கூட்டிக்கொண்டார்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள், சொன்னேன். போஸ்டரைப் பற்றி அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அழுதுகொண்டே, எந்தத் தேதி போட்டிருக்குக்கா என்று கேட்டாள். எழுந்து போய் எதிர்ச்சுவரைப் பார்த்தேன்.

"பொறந்த தேதி மட்டுந்தான் கண்ணு இருக்குது. இன்னொன்னை மறைச்சுப்போட்டாங்க."

யாரு மறைச்சதுக்கா என்றாள், குரலில் ஒரு ஆசை வந்தது, யாரோ ஒருத்தர், பழைய சிநேகிதி, ஒரு சித்தி, யாராவது ஒருத்தர் என்று அவள் நினைக்கிறாள் என்று புரிந்தது. பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"நம்ம ஊர்க்காரங்க யாருமில்ல கண்ணு."